சேமிப்பு முந்தியதா, வளர்ச்சி முந்தியதா?
இந்தியாவும் தென் கொரியாவும்: ஓர் ஒப்பீடு

வருமானம் குறைந்த நாட்டில் சேமிப்புக் குறைவு; சேமிப்புக் குறைவதால் முதலீடு குறைவு; முதலீடு குறைவதால் வருமானம் உயர்வதில்லை. பொருளியல் நூல்கள் வறுமையின் நச்சுச் சுழல் என்று வருணிக்கும் இந்நிலையிலிருந்து விடுபடும் வழி எது என்னும் வினாவே, இரண்டாம் உலகப் போருக்குப்பின் விடுதலை பெற்ற நாடுகள் அனைத்தையும் எதிர்கொண்டது. நாட்டு வருமானத்தில் 4 அல்லது 5 விழுக்காடு சேமிக்கும் ஒரு சமுதாயம் 12 அல்லது 15 விழுக்காடு சேமிக்கும் சமுதாயமாக எவ்வாறு மாறுகிறது என்பதை அறிவதே வளர்ச்சிப் பொருளியலின் மையச் சிக்கல் என்று ஆர்தர் லூயிஸ் 1954இல் எழுதினார். நம் நாட்டின் முதல் ஐந்தாண்டுத் திட்டமும் இதே கருத்தின் அடிப்படையில் வகுக்கப்பட்டதே. முதலில் சேமிப்பு உயரவேண்டும். வளர்ச்சி அதன் பின்னே வரும் என்பதே அன்றைய எதிர்பார்ப்பு.

இந்த எதிர்பார்ப்பு எந்த அளவுக்குச் சரியானது என்பதை ஆராய இந்தியாவையும் தென் கொரியாவையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயன்தரும். 1960இல் தென் கொரியாவின் உள்நாட்டுச் சேமிப்பு அதன் உற்பத்தியில் 1 அல்லது 2 விழுக்காட்டுக்கு மேல் இல்லை. அதே காலத்தில் இந்தியாவின் சேமிப்பு விகிதம் 10 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. நச்சுச் சுழல் என்னும் கோட்பாட்டின்படி நோக்கினால் முன்னேறியிருக்கவேண்டிய நாடு எது என்பதில் ஐயமே இல்லை. நடந்ததோ வேறு. 1988இல் கொரியாவின் சேமிப்பு விகிதம் 40 விழுக்காட்டை எட்டியது. இந்தியாவினுடையது 20 விழுக்காட்டைச் சற்றே தாண்டி நின்றது. அடுத்த இருபது ஆண்டுகளில் நிலை மீண்டும் மாறிற்று. 2007-08இல் இந்தியாவின் விகிதம் 36 விழுக்காட்டைத் தாண்டி, கொரியாவின் விகிதத்தையும் விஞ்சியது.

இவ்வெண்களிலிருந்து முடிவுகளை எடுக்குமுன், அவை எதை அளக்கின்றன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. சேமிப்பு பற்றிய வாதங்களில் பாதி, அளவுகோல் வேறுபாட்டால் எழுபவையே.

அளவுகோல்

சேமிப்பை யாரும் நேரில் எண்ணிப் பார்ப்பதில்லை. வருமானத்திலிருந்து நுகர்வைக் கழித்தபின் எஞ்சுவதே சேமிப்பு. எந்த வருமானத்திலிருந்து கழிக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். ஒரு நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 100 ரூபாய் என்றும், மக்களும் அரசும் நுகர்வது 90 ரூபாய் என்றும் கொள்வோம். உள்நாட்டுச் சேமிப்பு 10 ரூபாய். அந்நாட்டவர் வெளிநாடுகளில் உழைத்துக் குடும்பங்களுக்கு அனுப்பும் பணம் 5 ரூபாய். அந்நாடு அயல்நாட்டுக் கடனுக்குச் செலுத்தும் வட்டி 2 ரூபாய். இவற்றைச் சேர்த்தும் கழித்தும் பார்த்தால் நாட்டுச் சேமிப்பு 13 ரூபாய். அவ்வாண்டில் முதலீடு 14 ரூபாயானால், குறையும் 1 ரூபாய் அயலாரிடமிருந்து வந்தாகவேண்டும். அதுவே நடப்புக் கணக்கின் பற்றாக்குறை.

உள்நாட்டுச் சேமிப்பு, நாட்டுச் சேமிப்பு என்னும் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு நம் நாட்டைப் பொறுத்தவரை சிறியதன்று. வெளிநாடுவாழ் இந்தியர் அனுப்பிய தொகை 2022ஆம் ஆண்டில் 11,000 கோடி டாலரைத் தாண்டிற்று. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் புள்ளியியல் வெளியீடுகள் நெடுங்காலம் ‘மொத்த உள்நாட்டுச் சேமிப்பு’ என்று குறித்துவந்த எண், பெயரில் உள்நாட்டுச் சேமிப்பாயினும் உள்ளடக்கத்தில் நாட்டுச் சேமிப்பே. அதனுடன் நடப்புக் கணக்குப் பற்றாக்குறையைக் கூட்டினால் மூலதன ஆக்கம் கிடைக்கும் வகையில் அது அமைக்கப்பட்டது. உலக வங்கி அதே பெயரில் வெளியிடும் எண்ணோ அயல்நாட்டிலிருந்து வரும் பணத்தை விலக்கிக் கணக்கிடப்படுவது. பெயர் ஒன்றாயிருப்பதால் இவ்விரண்டையும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்து எழுதிவிடும் கட்டுரைகள் குறைவல்ல.

1960இன் கொரியாவுக்கு இந்த வேறுபாடு இன்னும் முக்கியமானது. 1950 முதல் 1953 வரை நடந்த போரால் சீரழிந்த அந்நாடு, அமெரிக்க நன்கொடையால் உயிர் வாழ்ந்தது. சேமிப்பு 1 அல்லது 2 விழுக்காடாயிருந்தபோதும் முதலீடு 10 விழுக்காட்டை ஒட்டியிருந்தமைக்கு அந்நன்கொடையே காரணம். நன்கொடையை நாட்டின் நடப்பு வருமானத்தோடு சேர்த்தால் கொரியாவின் நாட்டுச் சேமிப்பு ஓரளவு மதிப்பாகவே தோன்றும். சேர்க்காவிட்டால் ஏறத்தாழ இல்லை என்றாகும். ஒரே நாடு, ஒரே ஆண்டு, இரண்டு விடைகள். இரண்டும் தவறல்ல.

காலப்போக்கில் எண்களை ஒப்பிடும்போது வேறு தடைகளும் எழுகின்றன. இந்தியாவின் கணக்காண்டு ஏப்ரலில் தொடங்குவது, கொரியாவினுடையது ஜனவரியில். அடிப்படை ஆண்டு மாறும்போதெல்லாம் பழைய எண்களும் திருத்தப்படுகின்றன. 1950-51ஆம் ஆண்டின் சேமிப்பு விகிதம் ஒரு வரிசையில் 9 விழுக்காட்டுக்கும் குறைவு, மற்றொன்றில் 10 விழுக்காட்டுக்கும் அதிகம். மொத்தச் சேமிப்பு என்பதில் தேய்மானமும் அடங்கும். எந்திரங்களும் கட்டடங்களும் பெருகிய நாட்டில், சேமிப்பின் கணிசமான பகுதி தேய்ந்ததை ஈடுசெய்யவே செலவாகிறது. புதிதாக ஒன்றையும் சேர்ப்பதில்லை.

தங்கத்தின் நிலை தனி. திருமணத்துக்கு வாங்கும் நகையைச் சேமிப்பென்றே இந்தியக் குடும்பம் கருதும். பழைய கணக்கு வரிசைகள் அதை நுகர்வாகவே கொண்டன. 2011-12ஐ அடிப்படையாகக் கொண்ட வரிசையில் தங்க, வெள்ளி நகைகள் குடும்பத் துறைச் சேமிப்பின் தனி இனமாக இடம்பெற்றன. சீட்டுப் பிடித்தலுக்கோ கணக்கில் தனியிடமே இல்லை. கொரியப் பெண்களிடையே பெருவழக்காயிருந்த ‘கே’ என்னும் முறை நம் ஊர்ச் சீட்டையே ஒத்தது. பலர் மாதந்தோறும் பணம் கட்ட, முறைவைத்து ஒருவர் எடுத்துக்கொள்வது. ஒருவருக்கு வரவேண்டியது மற்றொருவர் தரவேண்டியதாகையால், நாட்டுக் கணக்கில் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும்.

கொரியா கடந்த வழி

தென் கொரியாவின் சேமிப்பு ஏன் உயர்ந்தது என்பதற்குப் பலரும் முதலில் கூறும் காரணம் வட்டி. 1965 செப்டம்பர் இறுதியில் கால வைப்புகளுக்கான உச்ச வட்டி ஆண்டுக்கு 15 விழுக்காட்டிலிருந்து 30 விழுக்காடாக, ஒரே நாளில் இரட்டிப்பாக்கப்பட்டது. வங்கிகள் பொதுக் கடனுக்கு வாங்கிய வட்டி 26 விழுக்காடே. வைப்புக்குத் தரும் வட்டி கடன் வட்டியை விஞ்சிநின்ற விந்தையான ஏற்பாடு அது. அடுத்த சில ஆண்டுகளில் வங்கி வைப்புகள் பன்மடங்கு பெருகின. உயர்ந்த வட்டி தந்தால் ஏழை நாடும் சேமிக்கும் என்பதற்கு இதுவே சான்று என்று பல அறிஞர்கள் எழுதினர்.

இந்தச் சான்றை அப்படியே ஏற்பதற்கில்லை. வங்கிக்கு வந்த பணத்தில் ஒரு பகுதி, அதுவரை தனியார் வட்டிச் சந்தையில் புழங்கிய பணமே. அது இடம் மாறிற்றேயன்றிப் புதிதாகப் பிறக்கவில்லை. பின்னர் நடந்தவை இதனினும் தெளிவானவை. 1972 ஆகஸ்டு 3ஆம் நாள் பிறப்பிக்கப்பட்ட அவசர ஆணை தனியார் வட்டிச் சந்தைக் கடன்களை முடக்கியது. வங்கி வட்டியும் குறைக்கப்பட்டது. எண்ணெய் விலை உயர்வைத் தொடர்ந்து விலைவாசி ஆண்டுக்கு 20 விழுக்காட்டுக்கு மேல் ஏறிய ஆண்டுகளில், வங்கியில் பணம் போட்டவர் பெற்ற வட்டி அப்பணத்தின் மதிப்பிழப்பைக்கூட ஈடுசெய்யவில்லை. எனினும் 1970களின் பிற்பாதியில் கொரியாவின் சேமிப்பு விகிதம் விரைந்து உயர்ந்து 30 விழுக்காட்டை எட்டிற்று. வட்டியே முதற்காரணமாயின் அது சரிந்திருக்கவேண்டும்.

அறிவுரையும் பிரசாரமும் காரணம் எனின், அதுவும் முழு விளக்கமாகாது. கொரிய அரசு 1964 முதல் சேமிப்பு நாளைக் கொண்டாடிப் பரிசுகள் வழங்கியது உண்மை. நம் நாட்டிலும் அக்டோபர் 30 உலகச் சிக்கன நாளாகப் பள்ளிதோறும் கொண்டாடப்படுகிறது. பேச்சுப் போட்டிகளால் சேமிப்பு உயருமானால் இரு நாடுகளும் ஒன்றாகவே உயர்ந்திருக்கும்.

உண்மையில் கொரியா தன் சேமிப்புக்காகக் காத்திருக்கவில்லை. 1965இல் ஜப்பானுடன் செய்துகொண்ட உடன்பாட்டின் வழி 30 கோடி டாலர் நன்கொடையும் 20 கோடி டாலர் சலுகைக் கடனும் கிடைத்தன. 1963 முதல் மேற்கு ஜெர்மனிக்குச் சென்ற சுரங்கத் தொழிலாளரும் செவிலியரும் அனுப்பிய பணம் வந்தது. இவற்றுக்கு மேலாக, வெளிநாட்டு வங்கிகளிடம் அந்நாடு துணிந்து கடன் வாங்கிற்று. 1980களின் நடுவில் வளரும் நாடுகளில் மிகுதியாகக் கடன்பட்டவற்றுள் ஒன்றாகவும் ஆயிற்று. வாங்கிய கடன் ஏற்றுமதித் தொழிலில் இடப்பட்டது. 1964இல் 10 கோடி டாலராயிருந்த ஏற்றுமதி 1977இல் 1,000 கோடி டாலரை எட்டியது. தொழிற்சாலைகளில் வேலை பெருகியது. வருமானம் ஆண்டுக்கு 8, 9 விழுக்காடு என உயர்ந்தது. வருமானம் உயர்ந்த வேகத்தில் வாழ்க்கைப் பழக்கம் உயரவில்லை. இரண்டுக்கும் இடையில் எஞ்சியதே சேமிப்பு.

வேறு சில காரணங்களும் துணைநின்றன. வீட்டுக் கடன் வசதி அருகியிருந்ததால், வீடு வாங்கவோ, ‘ஜோன்சே’ என்னும் முறைப்படி பெருந்தொகையை முன்வைப்பாகத் தந்து குடியேறவோ விரும்பிய குடும்பம் பல்லாண்டு சேமித்தாகவேண்டும். தேசிய ஓய்வூதியத் திட்டம் 1988இல்தான் தொடங்கியது. அதுவரை முதுமைக்கும் நோய்க்கும் கைப்பணமே பெருந்துணை. பிறப்பு விகிதம் வீழ்ந்ததால் உண்பவர் குறைந்து உழைப்பவர் மிகுந்தனர். 1986இல் எண்ணெய் விலையும் உலக வட்டி விகிதமும் குறைந்தபோது, கொரியாவின் சேமிப்பு முதலீட்டை விஞ்சி நடப்புக் கணக்கில் உபரி தோன்றியது. கடன் வாங்கிய நாடு கடனை அடைக்கத் தொடங்கியது. வளர்ச்சி முந்தியது, சேமிப்பு பிந்தி வந்தது.

இதைக் கொண்டு கடன் வாங்குவதே வளர்ச்சிக்கு வழி என்று கூறிவிடலாகாது. அதே ஆண்டுகளில் அதே வங்கிகளிடம் கடன் வாங்கிய லத்தீன் அமெரிக்க நாடுகள் 1982க்குப் பின் பட்ட துன்பம் யாவரும் அறிந்தது. 1979, 1980 ஆகிய ஆண்டுகளில் கொரியாவும் தடுமாறியது. இரண்டாம் எண்ணெய் நெருக்கடி, அதிபர் கொலையுண்ட அரசியல் குழப்பம், விளைச்சல் வீழ்ச்சி ஆகியவற்றால் 1980இல் உற்பத்தியே சுருங்கிச் சேமிப்பு விகிதமும் வீழ்ந்தது.

இந்தியா கடந்த வழி

இந்தியாவின் வரலாறு இதற்கு நேர்மாறானது. இங்குச் சேமிப்பு முந்தியது, வளர்ச்சி பிந்தியது.

1969இல் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்டபோது நாட்டிலிருந்த வங்கிக் கிளைகள் சுமார் 8,300. 1990இல் அவை 60,000ஐ நெருங்கின. வங்கியையே கண்டிராத சிற்றூர்களில் கிளைகள் திறக்கப்பட்டன. அஞ்சலகச் சேமிப்பு, ஆயுள் காப்பீடு, வருங்கால வைப்பு நிதி ஆகியவை விரிந்தன. வளைகுடா நாடுகளுக்குச் சென்றோர் பணம் அனுப்பத் தொடங்கினர். 1950-51இல் 10 விழுக்காட்டை ஒட்டியிருந்த சேமிப்பு விகிதம் 1978-79இல் 20 விழுக்காட்டைத் தாண்டிற்று. லூயிஸ் குறித்த எல்லை எப்போதோ கடக்கப்பட்டுவிட்டது. ஆனால் நாட்டு வருமானமோ ஆண்டுக்கு 3.5 விழுக்காட்டளவிலேயே வளர்ந்துவந்தது.

இந்தப் புதிர் அக்காலத்தில் கடும் விவாதத்துக்குள்ளாயிற்று. பேராசிரியர் கே.என். ராஜ் தலைமையிலான குழு 1982இல் சேமிப்பு, மூலதன ஆக்கக் கணக்குகளை முழுமையாக ஆராய்ந்தது. குடும்பத் துறையின் பௌதிகச் சேமிப்பு, அதாவது வீடு, கிணறு, எந்திரம், கால்நடை முதலியவை, நேரில் கணக்கெடுக்கப்படுவதில்லை. நாட்டிலுள்ள சிமெண்டு, இரும்பு, எந்திரங்கள் ஆகியவற்றின் அளவைக்கொண்டு மொத்த முதலீட்டை மதிப்பிட்டு, அதிலிருந்து பொதுத் துறையும் தனியார் நிறுவனங்களும் இட்டதைக் கழித்தபின் எஞ்சுவதெல்லாம் குடும்பத் துறையின் பெயரில் எழுதப்படும். குடும்பத் துறை என்பதில் சிறுகடைகள், கூட்டாண்மைகள், அறநிலையங்கள் எல்லாம் அடக்கம். ஆகவே மற்றத் துறைகளின் கணக்கிலுள்ள பிழை அனைத்தும் கடைசியில் இங்கே வந்து தங்கும்.

கணக்கில் ஓரளவு மிகை இருந்திருக்கலாம் என்று ஒத்துக்கொண்டாலும் புதிர் தீர்வதில்லை. எந்திரங்களின் விலை மற்றப் பொருள்களின் விலையைவிட விரைவாக ஏறியதால், சேமித்த ஒவ்வொரு ரூபாயும் முன்னைவிடக் குறைந்த மூலதனத்தையே வாங்கிற்று. கட்டத் தொடங்கிய திட்டங்கள் குறித்த காலத்தில் முடிவதில்லை. முடிந்த ஆலைக்கு மின்சாரம் போதவில்லை. அணை எழுந்தபின்னும் வாய்க்கால் வயலைச் சேரப் பல்லாண்டு கழிந்தது. வருமானம் 1 ரூபாய் கூடுவதற்குக் கொரியாவுக்கு ஏறத்தாழ 3 ரூபாய் முதலீடு போதுமாயிருந்த காலத்தில், இந்தியாவுக்கு 6 ரூபாய் தேவைப்பட்டது. பற்றாக்குறை சேமிப்பில் இல்லை; சேமிப்பைப் பயன்படுத்தியதில் இருந்தது. திட்டமிட்டோர் சேமிப்பை உயர்த்துவதில் காட்டிய அக்கறையில் பாதியைத் திட்டங்களைக் குறித்த நாளில் முடிப்பதில் காட்டியிருந்தால், 1970கள் வேறாகவே இருந்திருக்கும்.

பின்வந்த மாற்றங்களைச் சுருக்கமாகக் காணலாம். 1998-99 முதல் 2002-03 வரை பொதுத் துறையின் சேமிப்பு எதிர்மறையாயிற்று. அதாவது அரசு கடன் வாங்கி அன்றாடச் செலவை நடத்தியது. 2003க்குப் பின் வரி வருவாய் உயர்ந்தது. தனியார் நிறுவனங்களின் இலாபமும் பெருகியது. முன்பு 1, 2 விழுக்காடாயிருந்த நிறுவனச் சேமிப்பு 2007-08இல் 9 விழுக்காட்டளவுக்கு வந்தது. அவ்வாண்டின் உச்ச அளவுக்குக் குடும்பங்களைவிட நிறுவனங்களும் அரசுமே காரணம். 2008இன் உலக நெருக்கடிக்குப்பின் பொதுச் சேமிப்பு மீண்டும் வீழ்ந்தது. மொத்த விகிதம் 2011-12இல் 34 விழுக்காட்டைத் தாண்டியிருந்து, பின்னர்ப் படிப்படியாக இறங்கி 2022-23இல் 30 விழுக்காட்டளவில் நின்றது.

மொத்த எண் மறைப்பது

கொரியாவின் பிற்கால வரலாறு இவ்விடத்தில் மீண்டும் நோக்கத்தக்கது. 1980களின் இறுதியில் கொரியக் குடும்பங்கள் செலவிடத்தக்க வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சேமித்தன. 1997இல் நிதி நெருக்கடி வந்தபோது அச்சேமிப்பின் பழக்கம் வெளிப்படையாகவே தெரிந்தது; 1998இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 35 இலட்சம் பேர் வரிசையில் நின்று, குழந்தையின் முதல் பிறந்தநாள் மோதிரம் உட்பட 200 டன்னுக்கு மேற்பட்ட தங்கத்தை நாட்டின் அன்னியச் செலாவணிக்காகக் கொடுத்தனர். கணக்கின் கண்ணுக்கு அது சேமிப்பன்று. முன்பே இருந்த சொத்து கைமாறியது மட்டுமே.

அடுத்த சில ஆண்டுகளில் காட்சி மாறியது. உள்நாட்டு நுகர்வைப் பெருக்கவும் வரி ஏய்ப்பைத் தடுக்கவும், 1999 முதல் கடன் அட்டையில் செலவிடுவோருக்கு வரிச் சலுகை அளிக்கப்பட்டது. மக்கள்தொகை 5 கோடிக்கும் குறைவாயிருந்த நாட்டில் 2002இல் புழங்கிய அட்டைகள் 10 கோடியைத் தாண்டின. குடும்பங்களின் சேமிப்பு விகிதம் சில விழுக்காடாகச் சுருங்கியது. 2003இல் அட்டை நிறுவனங்களே ஆட்டங்கண்டன. ஆனால் அதே ஆண்டுகளில் கொரியாவின் நாட்டுச் சேமிப்பு விகிதம் 30 விழுக்காட்டுக்கு மேலேயே நின்றது. நிறுவனங்களின் இலாபமும் அரசின் உபரியும் குடும்பங்கள் விட்ட இடத்தை நிரப்பின. மொத்த எண்ணை மட்டும் நோக்கியவருக்கு ஒன்றும் நடந்ததாகத் தோன்றியிராது. 2020களின் தொடக்கத்தில் கொரியக் குடும்பங்களின் கடன் நாட்டின் ஓராண்டு உற்பத்தியளவை எட்டியிருந்தது.

இந்தியக் குடும்பங்களின் கடன் அந்த அளவை எட்டவில்லை. 2024இல் அது உற்பத்தியில் 40 விழுக்காட்டை ஒட்டியிருந்தது. ஆயினும் போக்கு கவனத்துக்குரியது. குடும்பத் துறையின் நிகர நிதிச் சேமிப்பு, அதாவது வைப்புகள், காப்பீடு, சேமநிதி, பங்குகள் முதலியவற்றிலிருந்து புதிதாக வாங்கிய கடனைக் கழித்தபின் எஞ்சுவது, பெருந்தொற்றின்போது செலவிட வழியின்றி 2020-21இல் 11 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. 2022-23இல் அது ஏறத்தாழ 5 விழுக்காடாக இறங்கியது. பல பத்தாண்டுகளில் அதுவே மிகக் குறைந்த அளவு. அரசின் பற்றாக்குறைக்கும் நிறுவனங்களின் விரிவாக்கத்துக்கும் உள்நாட்டில் கிடைக்கும் பணம் பெரும்பாலும் இந்த ஊற்றிலிருந்து வருவதே. இது வற்றினால் எஞ்சும் வழி அயல்நாட்டுப் பணம். 1960களின் கொரியாவைப்போல் அதை ஏற்றுமதியாக மாற்றும் ஆற்றல் இருந்தாலன்றி அவ்வழி எளிதன்று.

எனினும் இறங்கிய எண் முழுவதையும் இழப்பாகக் கொள்வது சரியாகாது. ஒரு குடும்பம் கடன் வாங்கி வீடு கட்டினால் நிதிச் சேமிப்பு குறையும். அதே தொகை பௌதிகச் சேமிப்பில் மறுபுறம் ஏறும். 2022-23இல் பௌதிகச் சேமிப்பு உயர்ந்தது இதற்குச் சான்று. கடன் வாங்கித் திருமணம் நடத்தினாலோ, கைபேசியும் குளிர்பெட்டியும் வாங்கினாலோ மறுபுறத்தில் ஏறுவது ஒன்றுமில்லை. சேமிப்பு அட்டவணையின் நிதிப் பத்தியில் இருவகைக் கடனும் ஒரே வரியில்தான் நிற்கின்றன. அவற்றைப் பிரித்தறிய விரும்புவோர், ரிசர்வ் வங்கி வெளியிடும் வங்கிக் கடன் பகுப்பில் வீட்டுக் கடன் எவ்வளவு, ஈடில்லாத் தனிநபர் கடனும் கடன் அட்டை நிலுவையும் எவ்வளவு என்பதையும் உடன்வைத்துப் படிக்கவேண்டும்.